பழுது தீர்ப்பவர் படைத்த கருவி: லியோ ஃபெண்டர் வரலாறு

புதியது படைப்பாரை உலகம் கொண்டாடுகின்றது. பழையதைப் பழுது தீர்த்துத் தருவாரை அவ்வளவாக எண்ணுவதில்லை. குடை தைப்பவரும், பூட்டுச் செப்பனிடுபவரும், மிதிவண்டிச் சக்கரத்தின் கோணல் எடுப்பவரும் தெருவோரத்தே அமர்ந்து, தெருவோரத்தேயே மறக்கப்படுகின்றனர். ஆயினும், பழுது தீர்த்தலையே பள்ளியாகக் கொண்டு, ஆங்குக் கற்ற பாடத்தால் உலகத்து இசைமேடைகளையே மாற்றியமைத்தவர் ஒருவர் உண்டு. அவரே அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தவராகிய லியோ ஃபெண்டர் என்பார். அவர் வரலாற்றை யாம் தேடிப் படிக்கத் தலைப்பட்டதற்கு ஒரு பழைய பேஸ் கிட்டாரே காரணம். ஆதலின் அக்கருவியைப் பற்றி முதற்கண் சில கூறுதல் வேண்டும்.

எமது ஊர் இராஜபாளையம். சென்ற கோடை விடுமுறையில் எமது ஆலயப் பாடகர் குழுவிற்குத் தாழ்ந்த சுரங்களை இசைக்கும் பேஸ் கிட்டார் ஒன்று தேவைப்பட்டது. புதியது வாங்கப் பொருளில்லை. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆடிப்பூரத் தேர் நிற்கும் இடத்திற்கு அணித்தான தெருவொன்றில், முன்னாளில் மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒருவர் வீட்டுப் பரணில் அத்தகைய கருவி ஒன்று கிடப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றோம். அவர் அதனைச் சிறுவிலைக்கே தந்தார். பழைய போர்வையொன்றிற் சுற்றிப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

போர்வையை நீக்கியபோது அக்கருவியின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. நான்கு தந்திகளும் துருவேறிக் கறுத்திருந்தன. பல்லாண்டுகள் தந்தி இறுக்கத்தோடு கிடந்தமையால் கழுத்து வில்லென முன்வளைந்து, விரலால் அழுத்தவொண்ணாத உயரத்தில் தந்திகள் நின்றன. மெட்டுகள் சில தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. யாவற்றினும் மேலாக, ஒலிபெருக்கியோடு இணைத்தபோது கரகரவென்னும் இரைச்சலன்றிச் சுரம் யாதும் எழவில்லை. செய்தவர் பெயர் பொறித்த எழுத்துங்கூட அழிந்திருந்தது. பழைய சாமான் கடைக்கு அனுப்புதலே தக்கதென்று வீட்டிற் பலரும் கூறினர்.

எமது பெரியப்பா ஒருவரே அவ்வாறு கூறவில்லை. அவர் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் மின்பகுதியில் நெடுங்காலம் பணியாற்றி, எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக்கம்பி சுற்றி உயிர் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் கை நடுக்கம் வந்துற்றமையின், தம் கருவிப்பெட்டியைக் கட்டிலின் கீழ்த் தள்ளிவிட்டு ஈராண்டுகளாகத் திண்ணையில் வாளாவிருந்தார், பேச்சும் குறைந்திருந்தது. அன்று அவர் கிட்டாரை வாங்கி மடிமேற் கிடத்திப் பின்புறம் திருப்பினார். கழுத்து உடலைச் சேருமிடத்தில் சிறு உலோகத் தகடு ஒன்றும், அதன் நான்கு மூலைகளில் நான்கு திருகாணிகளும் இருந்தன. அவற்றை விரலால் தடவிப் பார்த்து, இதனை வகுத்தவர் பழுது பார்த்துப் பிழைத்த மனிதராகவே இருத்தல் வேண்டும் எனக் கணித்தார். கண்டறியாத ஒருவரைத் திருகாணி கொண்டு அவர் அளந்தமை எமக்கு வியப்பாயிற்று. இவ்வடிவம் எவருடையது என உசாவியபோது ஃபெண்டர் என்னும் பெயர் கிடைத்தது. பெரியப்பாவின் கணிப்பு மெய்யோ பொய்யோ என்றறியவே அவர் வரலாற்றுட் புகுந்தோம்.

லியோ ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது. அவர் பெற்றோர் அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊர்களுக்கு இடையே ஆரஞ்சுத் தோட்டம் வைத்து வாழ்ந்த உழவர். எட்டாம் வயதில் அச்சிறுவருடைய இடக்கண்ணில் கட்டி தோன்ற, அக்கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினர். வாழ்நாள் முழுதும் அவர் ஒரு கண்ணாலேயே நுண்ணிய கம்பிகளையும் சிறுசிறு திருகாணிகளையும் நோக்க வேண்டியவரானார். அக்குறையைச் சொல்லி அவர் எவ்வேலையினின்றும் விலகியதாகத் தெரியவில்லை.

இளமையில் அவர் பியானோவும் பின்னர்ச் சாக்சபோனும் பயின்றார், ஆயினும் இசைவாணராகவில்லை. அவர் உள்ளத்தைக் கவர்ந்தது வானொலி. சாந்தா மரியா என்னும் ஊரில் மோட்டார் வண்டிகளின் மின்கருவிகளைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்த உறவினர் ஒருவர், உதிரி உறுப்புகளைக் கொண்டே வானொலி ஒன்றை அமைத்துப் பட்டறை வாயிலில் ஒலிக்கச் செய்திருந்தார். பிறர் கழித்த பொருள்களினின்று எழுந்த அவ்வோசை, அங்குச் சென்ற பதின்பருவச் சிறுவரின் நெஞ்சிற் பதிந்துவிட்டது. அதுமுதல் அவர் வீட்டிலேயே வானொலிகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

இத்தகையவர் மின்பொறியியல் கற்றார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ 1928இல் பள்ளிப்படிப்பை முடித்து, ஃபுல்லர்ட்டன் இளநிலைக் கல்லூரியிற் கணக்கியல் பயின்றார். மின்னியலைத் தாமே கற்றார். பனிக்கட்டிக் குழுமம் ஒன்றிலும், பின்னர் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கராய் அமர்ந்தார். 1934இல் எஸ்தர் என்னும் அம்மையாரை மணந்தார். அக்காலம் அமெரிக்க நாட்டைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். நெடுஞ்சாலைத் துறையில் அவர் பணியிடம் நீக்கப்பட்டது. வண்டிச் சக்கர உறை விற்கும் குழுமம் ஒன்றிற் சேர்ந்தார். ஆறு திங்களில் அவ்வேலையும் போயிற்று. மனைவியோடு வாழத் தொடங்கிய இளைஞர் ஒருவருக்கு இதனினும் பெரிய இடுக்கண் யாது?

அந்நிலையில் அவர் 600 டாலர் கடன் பெற்று, 1938ஆம் ஆண்டு ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுது பார்க்கும் கடையொன்றைத் திறந்தார். வானொலிகளும் இசைத்தட்டுப் பெட்டிகளும் அங்கு வந்தன. அவற்றோடு அவ்வட்டாரத்து இசைக்குழுவினர் தங்கள் ஒலிபெருக்கிகளையும் மின்கிட்டார்களையும் கொணர்ந்தனர். எவ்விணைப்பு அடிக்கடி விடுபடும், எம்மரம் வளையும், எவ்வுறுப்பைக் கழற்ற முடியாமையால் முழுக்கருவியும் வீணாகும் என்பவற்றையெல்லாம் அக்கடை மேசையே அவருக்குக் கற்பித்தது. புதியன படைப்போர் பெரும்பாலும் தம் கருவி நன்கு இயங்கும் நாளையே நினைப்பர். இவரோ அது கெட்டுப்போய்த் திரும்பி வரும் நாளையும் நினைக்கக் கற்றார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, கண்ணிழந்தமையால் அவர் படைக்கு அழைக்கப்படவில்லை. டாக் காஃப்மன் என்னும் கருவி வல்லாரோடு கூடி, 1945ஆம் ஆண்டளவில் மடிமேற் கிடத்தி மீட்டும் ஹவாய்க் கிட்டார்களையும் ஒலிபெருக்கிகளையும் செய்து விற்றார். 1946இல் காஃப்மன் விலகினார். ஃபெண்டர் தனியே தொழிலைத் தொடர்ந்தார். 1948இல் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் என்பார் வந்து சேர்ந்து, அவருடைய வாழ்நாட் கூட்டாளியானார்.

1950ஆம் ஆண்டில் அவர் முழுமரப் பலகையால் ஆகிய மின்கிட்டாரை வெளியிட்டார். அதுவே 1951 முதல் டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்றது. அதன் உடல் குடைவற்ற பலகை. கழுத்தோ தனி உறுப்பு. அந்நாளிற் சிறந்த கிட்டார்களின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுதலே பெருவழக்கு. அது முறிந்தாலும் திரிந்தாலும் கைதேர்ந்த தச்சரே செப்பனிடல் வேண்டும். ஃபெண்டர் அதனை நான்கு திருகாணிகளால் முடுக்கினார். பழுதானால் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். இதனைக் கண்டு எள்ளி நகைத்தாரும் உளர். திருகாணி பூட்டிய பலகை இசைக்கருவியாகுமோ என்பது அவர் ஐயம். இசைவாணர் கைகளே அவ்வையத்தைப் போக்கின.

பெரியப்பாவின் கணிப்பு மெய்யே என்று யாம் கண்டுகொண்டது இவ்விடத்திலேதான். அதனை அவருக்குப் படித்துக் காட்டியபோது, அவர் மறுமொழி கூறாது கட்டிலின் கீழிருந்த கருவிப்பெட்டியை எடுத்துவரப் பணித்தார். தம் கை நடுங்குமாதலின் திருப்புளியை எம் கையிற் கொடுத்து, நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தச் செய்தார். கழுத்து தனியே வந்தது. அதனுள்ளே இரும்புக்கோல் ஒன்று நெடுக ஓடுகின்றது. தந்திகளின் இழுப்பை எதிர்த்து மரத்தை நேர்நிறுத்துவது அதுவே. அதன் முனை கழுத்தின் அடியில் இருந்தது. ஒரே நாளில் முறுக்கினால் மரம் விண்டுபோம் என்று எச்சரித்து, நாளொன்றுக்குக் காற்சுற்றுக்கு மேல் அவர் விடவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை மீண்டும் பூட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்தை நோக்கினோம். வளைவு நீங்கியிருந்தது. ஒரு கண்ணால் நோக்குதலே அதற்கு முறை என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

நிற்க. பேஸ் கிட்டார் பிறந்த வகையைக் கூறுவோம். அதற்கு முன்னர்த் தாழ்ந்த சுரங்களை இசைத்தது டபுள் பேஸ் எனப்படும் ஆளுயரப் பெருவயலின். அதனை ஊரூராய்த் தூக்கிச் செல்லுதல் அரிது. மின்கிட்டாரும் முரசும் முழங்கும் மேடையில் அதன் ஓசை அமிழ்ந்துவிடும். அதன் கழுத்தில் மெட்டுகளும் இல்லை. வயலின்போல் விரல் சிறிது பிசகினும் சுரம் பிசகும். சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பார் 1930களிலேயே மெட்டுடைய மின்பேஸ் ஒன்றைச் செய்திருந்தார். ஆயினும் அது பரவவில்லை. ஃபெண்டர் 1951ஆம் ஆண்டின் இறுதியில் தம் கருவியை வெளியிட்டார். தோளில் மாட்டிக்கொள்ளும் பலகை, நான்கு தந்திகள், 20 மெட்டுகள், மேருவிற்கும் குதிரைக்கும் இடையே 34 அங்குல நீளம். மெட்டுகளால் சுரம் திட்பமாய் நிற்குமாதலின், அதற்கு அப்பொருள்படப் பிரிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார். அக்கருவிக்கேற்ற ஒலிபெருக்கி ஒன்றையும் 1952இல் செய்தார்.

அதன் வேலைப்பாடு எளிது. தந்தியின் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாக மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியும் உள்ளன. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகின்றது; அவ்வசைவு கம்பியில் மின்னோட்டத்தை எழுப்புகின்றது; ஒலிபெருக்கி அதனை ஓசையாக்குகின்றது. தொடக்கத்தில் ஒரே சுருளாயிருந்ததை 1957இல் இரண்டு அரைச்சுருள்களாகப் பகுத்தார். ஒன்று தாழ்ந்த இரு தந்திகளையும் மற்றொன்று உயர்ந்த இரு தந்திகளையும் நோக்கி நிற்கும். இரண்டும் எதிரெதிராய் அமைந்தமையால், வெளியினின்று புகும் மின்னிரைச்சலை ஒன்றன் பங்கு மற்றொன்றன் பங்கை அழித்துவிடும்.

எமது கருவியின் ஊமைத்தன்மைக்குக் காரணம் இங்கேயே கிடைத்தது. மல்டிமீட்டர் கொண்டு நோக்கியபோது ஓர் அரைச்சுருள் உயிரோடிருந்தது. மற்றொன்றிற் கம்பி அறுந்திருந்தது. இரண்டும் சங்கிலிபோல் தொடராய் இணைந்தவை. ஆதலின் ஒன்றன் அறுவு இரண்டையும் ஊமையாக்கிவிட்டது. புதுச்சுருள் வாங்கலாமென்று யாம் கூறினோம். பெரியப்பா இசையவில்லை. ஆலையில் ஆயிரம் சுருள் கண்ட அவர், அறுவு பெரும்பாலும் நடுவில் நேராது, முனையிலேதான் நேரும் என்றார். உருப்பெருக்காடி வைத்து நோக்கினோம். அவர் கூற்று மெய்யாயிற்று. வெளிச்சுற்று ஒன்றை மட்டும் பிரித்து, முனையின் மெருகைச் சுரண்டி, ஈயம் பற்றவைத்தோம். சூட்டுக்கோலைப் பிடித்தது எம் கை. எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று சொல்லியது அவர் வாய். குமிழ்களின் உட்புறத்தைத் தூய்மை செய்தவுடன் கரகரப்பும் நீங்கிற்று. மெட்டுகளை நுண்ணரத்தால் சமன்செய்து உப்புத்தாளால் மெருகிட்டோம். புதுத்தந்தி பூட்டி, பன்னிரண்டாம் மெட்டில் எழும் சுரம் திறந்த தந்தியின் மேல்தாயிச் சுரத்தோடு ஒக்கும்வரை குதிரையின் சேணங்களை முன்னும் பின்னும் நகர்த்தினோம்.

இனி ஃபெண்டரின் பிற்கால வாழ்வைக் காண்போம். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிட்டாரையும், 1960இல் ஜாஸ் பேஸ் என்பதனையும் அவர் வெளியிட்டார். அவர் புகழ் நாடெங்கும் பரவியது. இத்துணைக் கருவிகளைப் படைத்த அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பிலும் வியப்பு. சுருதி கூட்டவும் பிறரை நாடினார். அதனாலேயே வாசிப்போரைத் தமக்கு ஆசிரியராகக் கொண்டார். புதுக்கருவியை அவர்களிடம் கொடுத்துக் குறை கேட்பார். அக்குறையைத் தீர்த்து மீண்டும் கொடுப்பார். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்பியமை அவர் வெற்றிக்கு வாயிலாயிற்று. அவர் செய்த பேஸைக் கையிற்கொண்டே ஜேம்ஸ் ஜேமர்சன் என்பார் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தின் எண்ணிறந்த பாடல்களுக்கு அடித்தளம் இட்டார். தமிழ்த் திரையிசையிலும், மெல்லிசை மேடைகளிலும், ஆலயப் பாடகர் குழுக்களிலும் அவ்வடிவத்துக் கருவி இன்று ஒலிக்கின்றது.

புகழின் உச்சியில் அவரை நோய் பற்றியது. 1950களில் தொடங்கிய தொற்றுநோய் ஒன்று ஆண்டுக்கணக்கில் தீராது வருத்த, தம் நாள் முடிவுற்றதென்றே அவர் கருதினார். ஆதலின் 1965ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திற்குத் தம் தொழிலை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். சிறிதுகாலத்தில் வேறொரு மருத்துவர் அந்நோயைத் தீர்த்துவிட்டார். உடல் நலம் பெற்றது. ஆயின் தம் பெயர் பொறித்த தொழிற்சாலை தம்முடையதாயில்லை. கையில் வேண்டிய செல்வம் இருந்தது. வேறொருவராயின் தோட்டமும் படகுமாய்க் காலங்கழித்திருப்பர்.

அவரோ மேசைக்குத் திரும்பினார். 1975இல் மியூசிக் மேன் என்னும் நிறுவனத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஸ்டிங்ரே என்னும் பேஸ் கிட்டார் பெரும்பெயர் பெற்றது. 1979இல் மனைவியார் எஸ்தர் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரின் பின்னும் அவர் ஓயவில்லை. 1980ஆம் ஆண்டளவில் பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு கூடி, இருவர் பெயரின் முதலெழுத்துகளால் ஜி அண்ட் எல் என்னும் நிறுவனத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே ஃபிலிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இறுதிக்காலத்திற் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் அவரைப் பற்றியது. ஒற்றைக் கண்ணும் நடுங்கும் உடலுமாக அவர் நாள்தோறும் பட்டறைக்கு வந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் தம் 81ஆம் வயதில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய நாளும் வேலைக்கு வந்திருந்தார் என்பர்.

இவ்வரலாற்றால் யாம் கொண்ட கருத்து ஒன்றே. கெடாத பொருளைச் செய்தல் மனிதருக்கு இயலாது. கெட்டால் திருத்தத்தக்க பொருளைச் செய்தல் இயலும். ஃபெண்டர் தம் கருவிக்கு அத்தகைய நான்கு திருகாணிகளை வைத்தார். வேலை இழந்தபோதும், நோயுற்றபோதும், முதுமையடைந்தபோதும், அவரைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தியது அந்தப் பழுது தீர்க்கும் மேசையே. இனிப் பயனில்லை என்று ஒரு பொருளையோ ஓர் ஆளையோ ஒதுக்குமுன், கழற்றிப் பார்க்கத்தக்க திருகாணி எங்கேனும் உண்டோ என்று நோக்குதல் எம்மனோர்க்குக் கடன்.

பெரியப்பாவின் கருவிப்பெட்டி மீண்டும் கட்டிலின் கீழே போகவில்லை, திண்ணையிலேயே இருக்கின்றது. அண்டை வீட்டார் மின்விசிறியும் மிக்சியும் கொணர்கின்றனர். தெருப் பிள்ளைகள் இருவர் அவருக்குக் கையாய் அமர்ந்து திருப்புளி பிடிக்கின்றனர். பழைய பேஸ் கிட்டார் முதன்முதல் ஆலயத்தில் ஒலித்த நாளில் அவர் கடைசி வரிசையில் தலைசாய்த்துக் கேட்டிருந்தார். யாவரும் பாராட்டிய பின் அருகே வந்து, அடித்தந்தி அரைக்கால் இழை தாழ்ந்திருப்பதாக மெல்லச் சொன்னார். பிருடையைச் சிறிதே முறுக்கினோம். தலையசைத்தார்.